பெண்ணியம் படிக்கணும், எங்கேருந்து ஆரம்பிக்கிறது? நாலு பேர் சேர்ந்து வாசிப்பு வட்டம் நடத்த ஒரு வழிகாட்டி

மாசத்துக்கு ரெண்டு பேராவது எங்கிட்ட கேக்கற கேள்வி இது. "அக்கா, பெண்ணியம் பத்தி தெரிஞ்சுக்கணும், ஒரே ஒரு புக் சொல்லுங்க." முன்னல்லாம் நானும் உடனே ஒரு பேரைச் சொல்லிடுவேன், அவங்களும் வாங்கிடுவாங்க, அப்புறம் ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா அந்த புக் இருபதாம் பக்கத்துல மடிச்ச காதோட அலமாரியில கிடக்கும். இப்பல்லாம் நான் புக் பேரு சொல்றதில்ல, "உங்களோட சேத்து நாலு பேரைப் புடிங்க, அப்புறம் சொல்றேன்"ங்கறேன். தனியா படிச்சா நம்ம வீட்டுல நடக்கறது நம்ம வீட்டுல மட்டும் நடக்கறதாத்தான் தோணும். நாலு பொம்பளைங்க உக்காந்து ஒரே கதையைச் சத்தமா வாசிச்சா, மூணாவது பக்கத்துலயே யாராவது ஒருத்தி "ஏய் எங்க வீட்லயும் இதேதான்டி"ன்னு சொல்லிடுவா. அங்கேருந்துதான் எல்லாம் ஆரம்பிக்குது.

நாங்க திருச்சியில ஆறு வருஷமா ஒரு வாசிப்பு வட்டம் நடத்தறோம், மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை. அதுல கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதறேன். புதுசா ஆரம்பிக்கறவங்க அப்படியே எடுத்துக்கலாம், உங்க ஊருக்குத் தக்க மாத்திக்கலாம்.

முதல்ல ஆளும் இடமும் நேரமும்

நாலு பேர்ல ஆரம்பிங்க, ஏழு பேரைத் தாண்ட வேண்டாம். ஏழுக்கு மேல போனா ரெண்டு பேர் பேசுவாங்க, மத்தவங்க கேட்டுட்டுப் போயிடுவாங்க. எல்லாரும் ஒரே மாதிரி ஆளா இருக்கக் கூடாது, இது முக்கியம். எங்க வட்டத்துல காலேஜ்ல பாடம் எடுக்கற ஒரு மேடம் இருக்காங்க, பிளவுஸ் தைக்கற அக்கா இருக்காங்க, ஜவுளிக்கடையில சேல்ஸ்ல நிக்கற தங்கச்சி ஒண்ணு, ரிடயர்டு நர்ஸ் ஒருத்தங்க, அப்புறம் நான். தையல் அக்கா அஞ்சாவதோட நின்னவங்க, ஆனா ஒரு கதையில எந்த இடத்துல பொய் இருக்குன்னு அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும்.

நேரம் பாக்கறப்ப வீட்டு வேலையைக் கணக்குல வையுங்க. நாங்க முதல்ல காலையில பத்து மணின்னு வச்சோம், ஒருத்தரும் நேரத்துக்கு வர முடியல, ஞாயித்துக்கிழமை காலையிலதான் கறி வாங்கி மசாலா அரைக்கற வேலையே. இப்ப மதியம் மூணரை, பாத்திரம் கழுவி முடிச்ச நேரம், அஞ்சரைக்கு விட்டுடணும், ஆறு மணிக்கு எல்லா வீட்லயும் டீ கேப்பாங்க. சின்னக் குழந்தை இருக்கறவங்க தூக்கிட்டு வரலாம்னு முதல் நாளே சொல்லிடுங்க, சொல்லலைன்னா அவங்க வரவே மாட்டாங்க.

இடம்தான் எங்களுக்குப் பெரிய கஷ்டமா இருந்துச்சு. ஒரு மண்டபத்துல சின்ன ரூம் கேட்டோம், எதுக்குன்னு கேட்டாங்க, பொம்பளைங்க சேர்ந்து புத்தகம் வாசிக்கறதுக்குன்னு சொன்னோம், "மாமியாரைத் திட்டறதுக்கா"ன்னு கேட்டுட்டுக் குடுக்கல. ஒரு வாரம் மனசே சரியில்ல எனக்கு. அப்புறம் தையல் அக்கா கடைக்கு மேல இருக்கற மொட்டமாடியில பாய் விரிச்சு ஆரம்பிச்சோம், இன்னிக்கு வரைக்கும் அதே மாடிதான். பக்கத்துல கிளை நூலகம் இருந்தா நூலகர்கிட்ட கேட்டுப் பாருங்க, பல ஊர்ல வாசகர் வட்டத்துக்கு இடம் குடுக்கறாங்க.

ஆம்பளைங்க வரலாமான்னு எல்லா இடத்துலயும் கேப்பாங்க. என் அபிப்பிராயம், முதல் ஆறு மாசம் வேண்டாம். ஒரு ஆம்பளை உக்காந்திருந்தா, அவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் சரி, நாம நம்மளை அறியாமலே அவருக்கு விளக்கம் சொல்ல ஆரம்பிச்சிடுவோம். வட்டம் ஊனி நின்னப்புறம் கூப்பிடலாம், நாங்களும் கூப்பிட்டிருக்கோம்.

முதல் சந்திப்புக்கு பெரிய புக் வேண்டாம்

தியரியைக் கையில எடுக்காதீங்க. நாங்க முதல் ரெண்டு மாசம் மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒண்ணை வச்சுக்கிட்டு முட்டி மோதி, கிட்டத்தட்ட வட்டமே கலையற நிலைமைக்கு வந்துட்டோம். அப்புறம் மாத்தினது இப்படித்தான்.

முதல்ல அஞ்சே அஞ்சு வரி. குறுந்தொகையில 28வது பாட்டு, ஔவையார் எழுதினது. முட்டிக்குவேனா, மோதுவேனா, ஏதாவது ஒரு சாக்கை வச்சு ஆ, ஓன்னு கத்துவேனா, என் வேதனை தெரியாம இந்த ஊரு தூங்குதேன்னு ஒரு பொண்ணு சொல்றா. ரெண்டாயிரம் வருஷத்துப் பாட்டு. ஒருத்தர் மூலத்தை வாசிக்கட்டும், இன்னொருத்தர் அர்த்தத்தைப் பேச்சுத் தமிழ்ல சொல்லட்டும், அப்புறம் ஒரு நிமிஷம் யாரும் பேசாம இருங்க. பெண்ணியம் எங்கேயோ வெளிநாட்டுலேருந்து கப்பல்ல வந்ததுன்னு நினைச்சுட்டு வர்றவங்களுக்கு இந்த அஞ்சு வரி போதும்.

அதுக்கப்புறம் அம்பையோட 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. இதே தலைப்புல 1988ல தொகுப்பாவும் வந்துச்சு. பெரிய குடும்பம், பெரிய வீடு, ஆனா சமையலறை இருட்டா ஒரு மூலையில, ஜன்னலுக்கு வெளியில பச்சை மலை தெரியும், அதையும் துணிக்கொடி கட்டி மறைச்சிருப்பாங்க. அவ்வளவுதான் சொல்வேன், நீங்களே வாசிங்க. ஆளுக்கு ரெண்டு பக்கம்னு சத்தமா, சுத்தி வர்ற மாதிரி. படிக்கத் தயங்கறவங்களை வற்புறுத்தாதீங்க, கேட்டாப் போதும்.

எங்க வட்டத்துல இந்தக் கதையை வாசிச்ச அன்னிக்கு நடந்ததைச் சொல்லணும். தையல் அக்கா பாதியில "ஒரு நிமிஷம்"னுட்டு எந்திரிச்சுக் கீழே போனாங்க. நான் கோச்சுக்கிட்டுப் போறாங்களோன்னு பயந்தேன். கழுத்துல அளவு டேப்பைப் போட்டுக்கிட்டு வந்தாங்க. "நான் இருபத்திரண்டு வருஷமா ஊர்ல உள்ள எல்லாரையும் அளந்திருக்கேன், என் அடுப்படியை அளந்ததில்லையே"ன்னாங்க. அடுத்த மாசம் வர்றப்ப எல்லாரும் அவங்கவங்க வீட்டை அளந்துட்டு வரணும்னு முடிவாச்சு. அவங்க வீட்டு ஹால் பதினாலுக்குப் பன்னெண்டு அடி, அடுப்படி ஆறுக்கு அஞ்சரை, ஜன்னல் கிடையாது, ஒரு வெண்டிலேட்டர் ஓட்டை, அதுலயும் கேபிள் வயர் போகுது. மேடம் வீடு புதுசாக் கட்டினது, இன்ஜினியர் வச்சு, அங்கயும் வீட்டுலயே சின்ன ரூம் அடுப்படிதான். அஞ்சு வீட்டு அளவையும் ஒரே பேப்பர்ல எழுதிப் பாத்தோம். அந்தப் பேப்பர் இன்னும் எங்கிட்ட இருக்கு. நீங்களும் இதைச் செய்யுங்க, டேப் இல்லன்னா ஜாண் கணக்குப் போடுங்க.

அடுத்த ஒரு வருஷத்துக்கு என்ன வாசிக்கலாம்

மாசம் ஒரு புக்னு வேகமா ஓட வேண்டாம், ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு போதும். வரிசைன்னு கட்டாயம் எதுவும் இல்ல, எங்களுக்கு ஒத்து வந்ததைச் சொல்றேன்.

பாமாவோட 'கருக்கு' (1992). கன்னியாஸ்திரி மடத்தை விட்டு வெளிய வந்தப்புறம் எழுதினது. சாதியும் பொண்ணுங்கற நிலைமையும் ஒரே உடம்புல எப்படி வந்து விழுதுன்னு அவங்க ஊர்ப் பேச்சுலயே சொல்றாங்க. இதை முதல் மூணு புக்குக்குள்ள வாசிச்சே ஆகணும், பின்னாடி பாத்துக்கலாம்னு தள்ளாதீங்க. நம்ம வட்டத்துல எல்லாரும் ஒரே சாதியா இருந்தா அதையும் அன்னிக்குப் பேசுங்க, ஏன் நம்ம பழக்கத்துல வேற யாரும் இல்லன்னு. எங்களுக்கு அது கஷ்டமான சாயங்காலமாத்தான் இருந்துச்சு, ஆனா அன்னிக்குப் பேசலைன்னா இன்னிக்கு இந்த வட்டம் இருந்திருக்காது. பாமாவோடயே 'சங்கதி' (1994), சிவகாமியோட 'பழையன கழிதலும்' (1989) ரெண்டையும் இதுக்குப் பின்னாடி எடுக்கலாம்.

ராஜம் கிருஷ்ணன் புத்தகங்கள் நாட்டுடைமை ஆனதால காசு செலவில்லாம கிடைக்கும். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிங்க பத்தின 'கரிப்பு மணிகள்' எல்லாருக்கும் புடிச்சுது. 'பாதையில் பதிந்த அடிகள்' மணலூர் மணியம்மாளைப் பத்தினது, தஞ்சாவூர் பக்கம் பிராமணக் குடும்பத்துல விதவையா இருந்தவங்க, கிராப் வெட்டிக்கிட்டு வேட்டி சட்டை போட்டுக்கிட்டு வயல்ல கூலி வேலை செய்றவங்களுக்காகப் போராடினவங்க. அவங்க பேரை நாங்க யாரும் ஸ்கூல்ல கேட்டதே இல்ல.

பெரியாரோட 'பெண் ஏன் அடிமையானாள்?' சின்ன புக், சின்னச் சின்ன அத்தியாயம். மொத்தமா வாசிக்காம சொத்துரிமைப் பகுதியை மட்டும் ஒரு நாள் வச்சுக்கோங்க, கூடவே சட்டக் கதையையும் பேசுங்க. 1929ல செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாட்டுலயே பொண்ணுங்களுக்குச் சமமா சொத்து வேணும்னு தீர்மானம் போட்டுட்டாங்க. தமிழ்நாட்டுல சட்டமா வந்தது 1989ல. அதுக்கும் அறுபது வருஷம். அதுவும் ஏற்கனவே கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்குப் பொருந்தாது, 2005ல மத்திய சட்டத்தைத் திருத்தினப்புறம்தான் அந்தத் தடை போச்சு. 2020ல சுப்ரீம் கோர்ட், 2005ல அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு அவசியம் இல்லன்னும் தெளிவாச் சொல்லிடுச்சு. இதைப் பேசறப்ப எல்லாரும் ஒரு விஷயத்தைத் தெரிஞ்சுட்டு வரச் சொல்லுங்க, நீங்க இருக்கற வீட்டுப் பட்டா யார் பேர்ல இருக்கு. எங்க அஞ்சு பேர்ல ஒருத்தருக்குத்தான் தன் பேர்ல இருந்துச்சு, நர்ஸம்மாவுக்கு, அவங்க சம்பளத்துல லோன் போட்டுக் கட்டினது.

சல்மாவோட 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) பெரிய நாவல், மழைக்காலத்துக்கு வச்சுக்கோங்க. அவங்க நம்ம மாவட்டம், துவரங்குறிச்சி. வயசுக்கு வந்ததும் ஸ்கூலை நிறுத்தி வீட்டுக்குள்ள வச்சாங்க, ராத்திரி பாத்ரூம்ல ஒளிஞ்சு நின்னு கவிதை எழுதினவங்க, பின்னாடி பஞ்சாயத்துத் தலைவி, இப்ப ராஜ்யசபா எம்.பி.

"எனக்கு எழுதவே வராதே, நான் என்னத்தைப் பேசறது"ன்னு சொல்றவங்ககிட்ட வை.மு.கோதைநாயகி அம்மாளைப் பத்திச் சொல்லுங்க. அஞ்சாறு வயசுல கல்யாணம், பள்ளிக்கூடமே போகல. முதல் படைப்பை அவங்க வாயால சொல்லச் சொல்ல சிநேகிதி ஒருத்தங்க எழுதிக் குடுத்தாங்க. அப்புறம் அவங்களே எழுதக் கத்துக்கிட்டு 115 நாவல், 1925லேருந்து 'ஜகன்மோகினி' பத்திரிகை.

ஒரே விஷயத்துல எதிரெதிரா நின்ன ரெண்டு பேரை வாசிங்க

ரெண்டாவது வருஷத்துக்கு வந்தவங்களுக்கு இது. எங்க வட்டத்துல இதுவரைக்கும் நடந்ததுலயே சூடான சந்திப்பு இதுதான், அதனால கொஞ்சம் விரிவாச் சொல்றேன்.

ஒரு பக்கம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். 1883ல பிறந்தவங்க. வறுமையில சின்னக் குழந்தையா இருக்கறப்பவே தாசி குடும்பத்துக்கு வித்துட்டாங்க. அதுலேருந்து வெளிய வந்து, பொட்டுக்கட்டற வழக்கமே, அதாவது சின்னப் பொண்ணுங்களைக் கோயிலுக்கு நேர்ந்து விட்டு தேவதாசி ஆக்கற வழக்கமே, இருக்கக் கூடாதுன்னு வாழ்நாள் பூராப் போராடினாங்க. 1936ல அவங்களே 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'னு நாவல் எழுதினாங்க. 1938ல இந்தி எதிர்ப்புப் படை திருச்சியிலேருந்து மெட்ராஸுக்கு நடந்தே போச்சே, அதுல 55 வயசுல அவங்களும் நடந்தாங்க. நாங்க தினம் பஸ்ஸுக்கு நிக்கற ஊர்லேருந்து கிளம்பின கூட்டம் அது, இத்தனை வருஷம் தெரியாம இருந்திருக்கோமேன்னு எனக்கு ரொம்பத் தாங்கல. இன்னிக்கு அரசுப் பள்ளியில படிச்சுட்டுக் காலேஜ் போற பொண்ணுங்களுக்கு மாசம் 1,000 ரூபாய் வருதே, புதுமைப்பெண் திட்டம், அது இவங்க பேர்ல உள்ள திட்டம்தான். உங்க தெருவுல அந்தக் காசு வாங்கற பொண்ணு இருந்தா இந்தப் பேரைக் கேட்டுப் பாருங்க, அவளையே வட்டத்துக்குக் கூப்பிடுங்க.

இதே விஷயத்துல சட்டசபைக்குள்ள நின்னு போராடினது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புதுக்கோட்டைக்காரங்க. தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947ல வந்துச்சு.

இன்னொரு பக்கம் பெங்களூர் நாகரத்தினம்மாள். பேர் பெற்ற பாடகி, தேவதாசி மரபுல வந்தவங்க. எங்களைக் குத்தவாளி மாதிரி பேசாதீங்க, எங்க கலையும் எங்க சொத்தும் என்ன ஆகும்னு எங்ககிட்ட கேட்டீங்களான்னு அந்தச் சட்டத்தை எதிர்த்து நின்ன தேவதாசிப் பெண்கள்ல அவங்க முக்கியமானவங்க. அதுக்கும் முன்னாடியே, 1910ல, முத்துப்பழனின்னு பதினெட்டாம் நூற்றாண்டுல தஞ்சாவூர் மராட்டிய அரசவையில இருந்த கவி எழுதின 'ராதிகா சாந்த்வனமு'ங்கற தெலுங்குக் காவியத்தை முழுசாப் பதிப்பிச்சாங்க. ஒரு பொண்ணு தன் ஆசையை வெளிப்படையா எழுதினதுங்கறதுக்காக வெள்ளைக்கார அரசு ஆபாசம்னு அதைத் தடை பண்ணிடுச்சு, சுதந்திரம் வந்த சமயத்துலதான் தடை நீங்குச்சு. திருவையாத்துல தியாகராஜர் சமாதிக் கோயில் இன்னிக்கு அப்படி நிக்கறதுக்குக் காரணம் இவங்க சம்பாத்தியம். அந்த ஆராதனையில பொண்ணுங்க பாடக் கூடாதுன்னு இருந்தப்ப, பொண்ணுங்களை வச்சுத் தனியா நடத்தினவங்களும் இவங்கதான்.

இப்ப சொல்லுங்க, யாரு சரி? எங்க மாடியில அன்னிக்கு இருட்டற வரைக்கும் சண்டை. நர்ஸம்மா மூவலூர் பக்கம், வித்த குழந்தையோட வலி வித்தவங்களுக்குத் தெரியாதுன்னாங்க. மேடம் நாகரத்தினம்மா பக்கம். சேல்ஸ் தங்கச்சி ஒண்ணு சொன்னா, "ரெண்டு பேரும் ஒண்ணைத்தானேக்கா சொல்றாங்க, எங்களைப் பத்தி எங்களைக் கேட்டு முடிவெடுங்கன்னு." நான் அதை அப்படியே நோட்டுல எழுதி வச்சிருக்கேன். எனக்கு மூவலூர்தான் மனசுக்கு நெருக்கம், ஆனா நாகரத்தினம்மாவைப் படிக்காம விட்டிருந்தா அந்த நெருக்கத்துக்கு மதிப்பே இல்ல. சுயமரியாதை இயக்கத்துப் பெண்களைப் பத்தி இன்னும் வேணும்னா ஓவியா எழுதின 'கருஞ்சட்டைப் பெண்கள்' பாருங்க.

ஈழத்துக் கவிதையை அவசரமா வாசிக்காதீங்க

1986ல யாழ்ப்பாணத்துல பெண்கள் ஆய்வு வட்டம்னு ஒரு சின்னக் குழு 'சொல்லாத சேதிகள்'னு பெண்கள் கவிதைத் தொகுப்பு போட்டுச்சு, சித்திரலேகா மௌனகுரு தொகுத்தது. சுத்திப் போர். அந்த நடுவுலதான் இவங்க உக்காந்து படிச்சு எழுதியிருக்காங்க, நம்மளை மாதிரியே ஒரு வட்டம்தான். 'நூலகம்'ங்கற ஈழத்து மின்நூலகத்துல இது மாதிரி பழைய ஈழத்துப் புத்தகங்களைத் தேடலாம்.

யாழ்ப்பாணத்துல இதே காலத்துல எழுதின சிவரமணி 1991ல, இருபத்திரண்டு இருபத்துமூணு வயசுல, தன் கவிதைகளை எரிச்சுட்டு உயிரை விட்டாங்க. இன்னொரு கவிஞர் செல்வியை அதே வருஷம் விடுதலைப் புலிகள் புடிச்சுட்டுப் போனாங்க, திரும்பி வரல. டாக்டர் ராஜினி திராணகம, போர்க்காலக் கொடுமைகளைப் பதிவு பண்ணின 'முறிந்த பனை' புத்தகத்தை எழுதினவங்கள்ல ஒருத்தங்க, 1989 செப்டம்பர் 21ல சுட்டுக் கொன்னுட்டாங்க. இவங்களை வாசிக்கற அன்னிக்கு வேற எதுவும் வைக்காதீங்க. எங்களுக்கு ரெண்டு கவிதைக்கு மேல அன்னிக்கு வாசிக்க முடியல.

உடம்பைப் பத்தின கவிதை

2002ல குட்டி ரேவதியோட 'முலைகள்' வந்தப்ப எவ்வளவு வசவு. மாலதி மைத்ரி, சல்மா, சுகிர்தராணின்னு அப்ப எழுதின எல்லாரையும் மேடையில பத்திரிகையில அசிங்கமாப் பேசினாங்க. எந்தக் கவிதைக்குன்னு பாத்தா, நம்ம உடம்புல இருக்கற ஒரு உறுப்புப் பேரை நாமளே சொன்னதுக்கு. வட்டத்துல இதை வாசிக்கறப்ப முதல் தடவை நாக்கு வராது, பரவால்ல. ஒரு வழி சொல்றேன், எல்லாரும் சேர்ந்து ஒரே நேரத்துல வாசிங்க, கோரஸா. ரெண்டாவது தடவை ஒவ்வொருத்தரா. எங்க நர்ஸம்மாதான் முதல்ல தனியா வாசிச்சாங்க, முப்பத்தஞ்சு வருஷம் பிரசவ வார்டுல இருந்தவங்க, அவங்க குரல்ல ஒரு நடுக்கம் கூட இல்ல.

பாக்கறதும் கேக்கறதும்

கலைன்னா நம்மகிட்ட இருக்கற பலமான விஷயம் நாடகம். அ.மங்கை பல வருஷமா பெண்களை வச்சு நாடகம் பண்றாங்க. பெண் சிசுக்கொலையைப் பத்தின 'பச்ச மண்ணு' நம்ம வீட்டுச் சடங்குகளையே எடுத்துக்கிட்டுப் பேசுது. இன்குலாப் எழுதின 'ஔவை'யும் அவங்க மேடை ஏத்தினதுதான், பாட்டிமா ஔவை இல்ல, ஊர் ஊராப் போற இளம் பாணர் ஔவை. உங்க ஊர் பக்கம் எந்தப் பெண்கள் குழு நாடகம் போட்டாலும் வட்டமாப் போங்க, டிக்கெட் காசை மாசாமாசம் உண்டியல்ல சேத்து வையுங்க.

ஓவியத்துல ஒருத்தரைச் சொல்றேன். டி.கே.பத்மினி, பொன்னானிக்காரங்க, மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில படிச்சவங்க, 1969ல முப்பது வயசு ஆகறதுக்குள்ளயே பிரசவத்துல இறந்துட்டாங்க. அந்த வயசுக்குள்ள அவங்க வரைஞ்ச பெண்களைப் பாருங்க, கூச்சமில்லாம நேரா நிக்கற பெண்கள். போன்ல பாத்தா கூடப் போதும், ஆனா பெருசாக்கி ஒரு படத்தைப் பத்து நிமிஷம் பாக்கணும்.

படிச்சது கைக்கு வரணும்

ஒரு வருஷம் ஓடினப்புறம் வட்டத்துக்கே ஒரு அரிப்பு வரும், சும்மா படிச்சுட்டே இருக்கோமேன்னு. அது நல்ல அரிப்பு. அப்ப முதல்ல நம்ம பக்கத்துலயே நடந்ததைத் தெரிஞ்சுக்கோங்க. புதுக்கோட்டையில பெரியவங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்த அறிவொளி இயக்கம் நடந்தப்ப 1990களோட ஆரம்பத்துல ஆயிரக்கணக்கான கிராமத்துப் பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்டாங்க, லேடீஸ் சைக்கிள் பத்தாம ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினாங்க, தண்ணிக் குடத்தைக் கட்டிக்கிட்டு, குழந்தையை முன்னாடி உக்கார வச்சுக்கிட்டு. அதே ஊர்லேருந்து ஷெரிஃபா கானம் முஸ்லிம் பெண்கள் ஜமாத் ஆரம்பிச்சு, பொண்ணுங்க வழக்கைப் பொண்ணுங்களே உக்காந்து கேக்கற மாதிரி பண்ணாங்க. மூணாறுல 2015 செப்டம்பர்ல தேயிலைத் தோட்டத்துல வேலை செய்ற நம்ம தமிழ்ப் பொம்பளைங்க, போனஸைக் குறைச்சதுக்காக, யூனியன் தலைவர்களையும் ஒதுக்கி வச்சுட்டு ரோட்டுல உக்காந்தாங்க, பெண்பிள்ளை ஒருமைங்கற பேர்ல. ஒன்பது நாள்ல பழைய 20 சதவீதம் கைக்கு வந்துச்சு. தர்மபுரி வாச்சாத்தியில 1992ல மலைவாழ் பெண்களுக்கு அரசு அதிகாரிங்களால நடந்த கொடுமைக்கு 2011ல தீர்ப்பு, 2023ல ஹைகோர்ட் அதை உறுதி பண்ணுச்சு. முப்பத்தொரு வருஷம் அந்தப் பெண்கள் விடல.

அப்புறம் உங்க வட்டத்துக்குள்ளேயே பாருங்க. எங்க சேல்ஸ் தங்கச்சி காலுல நரம்பு புடைச்சு நீலமா இருக்கும், காலையில ஒன்பதரைலேருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் நிக்கறது. 2021லயே தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்றவங்க உக்கார இருக்கை குடுக்கணும்னு சொல்லியாச்சு. கேரளாவுல 2018லயே வந்துடுச்சு, கோழிக்கோட்டுல கடைப் பொண்ணுங்க போராடினதால. அவ வேலை பாத்த கடையில ஸ்டூல் வாங்கினாங்க, வாங்கிக் குடோன்ல அடுக்கிட்டாங்க. நாங்க என்ன பண்ணோம்னா, அவ பேர் வராம, வாடிக்கையாளரா நாங்க நாலு பேரும் தனித்தனியாக் கடைக்குப் போயி, "இந்தப் பொண்ணுங்க உக்கார ஸ்டூல் எங்க"ன்னு கல்லாவுல கேட்டோம், ரெண்டு வாரத்துல நாலு தடவை, அப்புறம் தொழிலாளர் துறைக்கு ஒரு மனு. இப்ப தளத்துக்கு மூணு ஸ்டூல் இருக்கு. பத்தாதுதான், மாத்தி மாத்தி உக்காருறாங்க.

ஒரு நோட்டுல இதையும் எழுதி வையுங்க, யாராவது ஒருத்தி கட்டாயம் கேப்பா. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற இடத்துல பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு இருந்தாகணும், 2013 சட்டம். பத்துக்குக் கீழ இருந்தாலோ முதலாளி மேலயே புகார்னாலோ மாவட்ட அளவுல உள்ளூர்க் குழு இருக்கு. மூணு மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும், காரணம் இருந்தா இன்னும் மூணு மாசம் நீட்டிக்கலாம். வீட்டு வன்முறைக்கு 2005 சட்டம், மாவட்ட சமூகநலத் துறையில பாதுகாப்பு அலுவலர் இருப்பாங்க. பெண்கள் உதவி எண் 181. யாராவது வட்டத்துல தன் வீட்டு அடியைப் பத்திச் சொன்னா, அந்த வார்த்தை மாடியை விட்டு இறங்கக் கூடாது, வாட்ஸ்அப் குரூப்ல அதைப் பத்தி ஒரு எழுத்து கூட வரக் கூடாது, பல வீட்ல அந்த போனை வேற ஆள்தான் பாக்கறாங்க.

உங்க பாட்டியைப் பதிவு பண்ணுங்க

இதை எந்த மாசம் வேணா செய்யலாம், பாட்டி இருக்கறப்பவே செய்யணும். மைதிலி சிவராமன், கீழவெண்மணி பத்தி எழுதினவங்க, வாச்சாத்திக்காக நின்னவங்க, தன் பாட்டி சுப்புலட்சுமி விட்டுட்டுப் போன டைரியை வச்சு ஒரு புத்தகமே எழுதினாங்க. சின்ன வயசுல கல்யாணம் ஆகி, வெளிய யாருக்கும் தெரியாம படிச்சுக்கிட்டே இருந்த ஒரு பொண்ணு. நம்ம பாட்டிங்க பலபேர் டைரி எழுதல, அதனால நாமதான் கேட்டு எடுக்கணும்.

ஒரு மணி நேரம் போதும். "உங்க கதையைச் சொல்லுங்க"ன்னு கேக்காதீங்க, "எனக்கென்ன கதை"ன்னு முடிச்சிடுவாங்க. "முதல் தடவை உங்க கையில காசு எப்போ வந்துச்சு, என்ன பண்ணீங்க"ன்னு கேளுங்க. "தீட்டு நாள்ல எங்க படுப்பீங்க." "ஸ்கூலை ஏன் நிறுத்தினாங்க, அன்னிக்கு என்ன டிரெஸ் போட்டிருந்தீங்க." எங்க அம்மாச்சிகிட்ட நான் கேட்ட முதல் கேள்வி காசுதான். கடலைக்காய் உரிச்சதுக்கு நாலணா குடுத்தாங்களாம், அதை அடுப்படிப் புளிப்பானைக்குள்ள ஒளிச்சு வச்சு, ஒரு வருஷம் சேத்து, தாத்தாவுக்குத் தெரியாம எங்கம்மாவுக்கு ஸ்லேட் வாங்கினாங்களாம். எங்கம்மாவுக்கே அது தெரியாது, அறுபத்தாறு வயசுல பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருந்தாங்க.

போனை பாட்டி மடிக்குப் பக்கத்துல ஒரு துணி மேல வையுங்க, கையில புடிக்காதீங்க, ஃபேனை நிறுத்திடுங்க, டிவி ஓடற நேரம் வேண்டாம், வீட்டு ஆம்பளைங்க வெளிய போயிருக்கற நேரமாப் பாருங்க. முடிஞ்சதும் ரெண்டு இடத்துல காப்பி எடுத்து வச்சுட்டு, பேர், ஊர், தேதியை உங்க குரல்லயே கடைசியில சொல்லிப் பதிஞ்சிடுங்க.